ஒரு தாள் குறைவு

இறந்துபோன நண்பனின் டிரங்குப் பெட்டியில் இருந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்தேன். அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் நடமாடினேன். பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு எடுக்கும்போதெல்லாம் விரலில் தட்டுப்படும். எடுத்துப் படிக்க வேண்டியதில்லை. ஒன்பதே வரி, மனப்பாடம்.

அந்த ஒன்பது வரிக்குள் இருபத்தெட்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. சொல்லாமல் இருந்தது மட்டுமல்ல, அதற்குப் பதிலாக வேறொரு கதையைச் சொல்லி எல்லோரையும் நம்ப வைத்திருந்தேன். இதை எழுத உட்காருவதற்கு முன் மூன்று பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மனைவியிடம் சொன்னேன். நண்பனின் அக்காவிடம் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. என் தப்புக்கு அவர்கள் பெயர் எதற்கு?

நண்பன் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தான். வீடு திருநெல்வேலியில் சிந்துபூந்துறைப் பக்கம், ஆற்றுக்கு நடந்து போகிற தூரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்த அக்காவோடு இருந்தான். சம்பளத்தில் பாதி பத்திரிகைகளுக்குப் போகும். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குகிற பத்திரிகைகள் இல்லை. சி.சு. செல்லப்பா 1959இல் ஆரம்பித்த ‘எழுத்து’, 1970இல் வந்த ‘கசடதபற’, நாகர்கோவிலிலிருந்து வந்த ‘கொல்லிப்பாவை’, பிரம்மராஜனின் ‘மீட்சி’. சிலது பத்து இதழ் வந்து நின்றுபோகும், சிலது மூன்றோடு முடிந்துபோகும். அவன் ஒன்றையும் விட்டதில்லை. நெல்லைக்காரரான தொ.மு.சி. ரகுநாதன் ஐம்பதுகளில் நடத்திய ‘சாந்தி’யின் ஓர் இதழுக்காக, யாரோ ஒரு பழைய வாத்தியார் வீட்டுக்கு மூன்று தடவை நடந்திருக்கிறான். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்து வைத்த காகிதங்கள்தான் 1994இல் சென்னையில் ஒரு ஆய்வு நூலகமாக ஆயின. அந்தக் கதையை அவன் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. “ஏல, இதெல்லாம் எனக்குன்னா சேக்கேன்? நம்ம கையில கொஞ்ச நாள் இருக்கு, அவ்வளவுதான்” என்பான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கணக்கு எழுதுவான். காபி, பஸ், பத்திரிகைச் சந்தா, தபால் தலை, அக்காவுக்கு மாத்திரை. செலவோடு செலவாக, அன்றைக்கு மனதில் தைத்ததையும் ஒரு வரி எழுதிவைப்பான். 1983 தொடங்கி வருஷத்துக்கு ஒரு நோட்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்தது. 1992 வெள்ளத்தைப் பார்த்த வீடு அது. அதனால் தண்ணீர் தெருமுனைக்கு வரும்போதே அவன் அலமாரியைக் காலி பண்ண ஆரம்பித்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரோடு ராத்திரி முழுக்க மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறான். ஏற்கெனவே பலவீனமான இதயம். அதற்கப்புறம் அவன் பழைய ஆளாக இல்லை. ஏப்ரலில் போய்விட்டான்.

நான் மதுரையிலிருந்து போய்ச் சேருவதற்குள் கண்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அக்காவுக்கு அவன் முன்கூட்டியே பாடம் சொல்லிக்கொடுத்திருந்தான்: ஃபேனை நிறுத்த வேண்டும், இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலையைத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். அழுதுகொண்டே அத்தனையும் செய்திருக்கிறார்கள். உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அதற்கும் அக்காதான் கையெழுத்து.

மூன்றாவதாக ஒன்றும் எழுதி வைத்திருந்தான். சாதாரண வெள்ளைத் தாளில், கீழே பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சி போதும் என்பது கணக்குப் பிரிவுக்காரனுக்குத் தெரியாதா? பத்திரிகைகளும் கணக்கு நோட்டுகளும் சென்னையில் அவன் பேசி வைத்திருந்த நூலகத்துக்குப் போக வேண்டும். அதைப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, பட்டியல் போட வேண்டியவர்கள் என்று இரண்டு பெயர் எழுதியிருந்தான். ஒன்று என் பெயர். மற்றது அவள் பெயர். ‘ஆள் வைத்துச் செய்ய வேண்டாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்யவும்’ என்று ஒரு வரி.

அக்கா அந்தத் தாளை என்னிடம் நீட்டிவிட்டு, “நான் டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன் தம்பி. வாரேன்னு சொல்லிட்டாவ” என்றார்கள்.

இந்த இடத்தில், நான் இத்தனை வருஷம் சொல்லிவந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் நாசரேத். கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் டவுனில் சைவப் பிள்ளை வீடு. பாளையங்கோட்டையில் படிக்கும்போது பழக்கம். இரண்டு மதம் என்பதால் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதாக முடிவு பண்ணினோம். அதற்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முப்பது நாள் அது அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். 1996 ஏப்ரல் இரண்டாம் வாரம் நோட்டீஸ் கொடுத்தோம். மே 15, புதன்கிழமை, காலை பதினொரு மணி என்று நாள் குறித்தோம். ஆட்சி மாறிக் கலைஞர் பதவியேற்றது அந்தத் திங்கட்கிழமைதான். ஊரே அந்தப் பேச்சில் இருந்தது. புதன் காலை நான் கிளம்பும் நேரத்தில் அம்மாவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்து மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி, மூன்று நாள் தீவிர சிகிச்சை. கண் திறந்த அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இதைத்தான் சில நாள் கழித்து அவளுக்குக் கடிதமாக எழுதினேன். நண்பன் கையில்தான் கொடுத்தனுப்பினேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அம்மாவ நல்லாப் பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னான். பிறகு மனைவிக்கும் இதையேதான் சொன்னேன். 2009இல் ஒரு பத்திரிகையில் அம்மாவைப் பற்றிக் கட்டுரையாகவும் எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். அம்மாவுக்காகத் தன் வாழ்க்கையை விட்டுக்கொடுத்த பிள்ளை என்ற பெயரோடு ஐம்பத்தைந்து வயது வரைக்கும் வந்துவிட்டேன்.

ஜூன் மாதம் முதல் வாரம் நாங்கள் அந்த மாடியில் சந்தித்தோம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள். நான் படியேறும்போது ஏற்கெனவே கீழே உட்கார்ந்து கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நரையை மறைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தவள், “வந்தாச்சா?” என்றாள்.

அந்த ஐந்து நாளும் எங்கள் பேச்சு அப்படித்தான் இருந்தது. ‘நீ’ என்று சொல்ல உரிமை இல்லை. ‘நீங்க’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. “சாப்பிட்டாச்சா?”, “காபி வேணுமா?”, “அந்தக் கட்டு பார்த்து முடிஞ்சுதா?” என்று எழுவாய் இல்லாமலே ஐந்து நாள் ஓட்டினோம். தமிழில் அதற்கு இடம் இருக்கிறது. இருபத்தேழு வயதில் ‘டா’ போட்டுக் கூப்பிட்டவள் அவள்.

வேலை என்னவோ நிறைய இருந்தது. நூலகத்தில் இருந்த ஒரு பெண் போனில் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்களை முதலில் எடுக்க வேண்டும், துரு காகிதத்தைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுக்கக் கூடாது. நடுவில் தைத்த நோட்டு, இதழ் எதிலும் ஒரு தாளைத் தனியாக உருவக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை அவளுக்கு நான்தான் விளக்கிக் காட்டினேன். நடுத்தையல் போட்ட நோட்டில் தனித் தாள் என்று எதுவும் கிடையாது. ஒரு பெரிய தாளைப் பாதியாக மடித்துத் தைத்திருப்பார்கள். முன்பாதியில் ஒரு தாளும் பின்பாதியில் ஒரு தாளும் ஜோடி. இங்கே ஒன்றைக் கிழித்தால் அங்கே இருக்கிற ஜோடி பிடிப்பில்லாமல் கழன்று கையோடு வந்துவிடும். ஒரு பழைய இதழை விரித்துப் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

நான் இதழின் பெயர், எண், மாதம் வாசிப்பேன். அவள் எழுதுவாள். அவள் எழுதும் ‘ற’வுக்குக் கால் நீளமாக, கீழ் வரியைத் தொடும்படி இறங்கும். அது மாறவே இல்லை. ‘எழுத்து’ மட்டுமே ஒரு முழு நாள் பிடித்தது. தாள்கள் எல்லாம் பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிர்ந்தது. இடையிடையே அவன் வைத்த வசம்புத் துண்டுகள். அப்படியும் சில இதழ்களை ராமபாணம் துளைத்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவன் பென்சில் குறிப்பு: எழுத்துப் பிழை, தேதிப் பிழை, ‘இது சரியில்லை’, ‘நல்ல வரி’. அச்சில் வந்த எதையும் பென்சில் இல்லாமல் வாசிக்கத் தெரியாதவன்.

இரண்டாம் நாள் என் 2009 கட்டுரை வந்த இதழ் அவள் கையில் அகப்பட்டது. நின்றபடியே முழுவதும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நல்லா எழுதியிருக்கு” என்றாள். நான் அந்த இதழை வாங்கிப் பார்த்தேன். ஆறு பக்கக் கட்டுரை. ஒரு பென்சில் கோடுகூட இல்லை. அவன் படிக்காமல் விட்டிருப்பான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் அக்கா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள். “அம்மா கடைசி வரைக்கும் நல்லா இருந்தாங்களா?”

“இருந்தாங்க. நாலு வருஷம் முன்னால தவறிட்டாங்க.”

“அந்தச் சமயத்துல அவங்களுக்காக நான் ஜெபம் பண்ணியிருக்கேன். நாப்பது நாள். எனக்கு அவங்க மேல கோவமே வரல. ஒரு உசுரு போயிடக் கூடாதுன்னுதான் இருந்துச்சு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கேவலம், “தெரியும்” என்கிற மாதிரித் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். அவள் போன் பேசக் கீழே போயிருந்தாள். மிச்சமிருந்தது டிரங்குப் பெட்டியில் இருந்த கணக்கு நோட்டுகள். இதெல்லாம் நூலகத்துக்கு எதற்கு, வீட்டுக் கணக்குதானே என்று முந்தின நாளே நான் சொல்லிப் பார்த்தேன். அவள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. “ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைக்காட்டி புதுச்சேரி வியாபாரம் பத்தி நமக்கு என்ன தெரியும்? எழுதியிருக்கிறபடி செஞ்சிருவோம்” என்றாள். வாத்தியார் மகள், தானும் டீச்சர்.

அவள் இல்லாத நேரத்தில் 1996ஐ எடுத்தேன். ஏன் அதை முதலில் எடுத்தேன் என்று பொய் சொல்ல விரும்பவில்லை. அதைத்தான் தேடினேன். அன்றைக்கு அவள் அங்கே என்ன பேசினாள், அழுதாளா என்று ஒரு வரியாவது இருக்கும் என்ற ஆசை. என்னைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்படியே தருகிறேன்.

15.5.96 புதன்
மாலை 2 – 70.00
ஆட்டோ – 25.00
காபி 5 – 12.50. ஒன்று ஆறிப் போச்சு
சர்பத் கடை ஓரம் நின்றான். நீலச் சட்டை. 11.20 முதல் 12 வரை பார்த்தேன்
பிள்ளையிடம் சொல்லவில்லை
சாட்சி இருவருக்குச் சாப்பாடு – 30.00
நாசரேத் பஸ் போக 2 – 18.00
வர 1 – 9.00

அன்றைக்கு அம்மா மயங்கி விழவில்லை. அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. அவளுக்கு மட்டுமல்ல, வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் குளித்துவிட்டு, பதிவுக்கென்றே நாசரேத்துக்காரி வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, “வரும்போது வெத்தலை வாங்கிட்டு வா” என்று அம்மா சொன்னாள். எந்தத் தடையும் இல்லாமல்தான் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் நன்னாரி சர்பத் கடை ஒன்று இருந்தது. பக்கத்துச் சுவரில் அந்த வாரம் வந்த ‘இந்தியன்’ படத்தின் போஸ்டர், பசை காயாமல். ரோட்டைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி. வேப்பமரத்தடியில் அவள் நிற்பது தெரிந்தது. காலடியில் ஒரு சின்ன சூட்கேஸ். நண்பன் கையில் இலையில் பொதிந்த மாலை. அலுவலக சிநேகிதர்கள் இரண்டு பேர். ஒரு பையன் காபி டம்ளர்களைத் தட்டில் கொண்டு வந்தான். ஐந்து டம்ளர். அவள் இரண்டு டம்ளரை எடுத்தாள். ஒன்றைக் குடித்தாள். இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எதிரே ஒருவர்கூட எதிரியாக நிற்கவில்லை. அப்பா அரிவாள் எடுக்கவில்லை, சாதிக்காரர்கள் கூடவில்லை, நோட்டீஸ் பலகையைப் பார்த்து யாரும் ஆட்சேபம் கொடுக்கவில்லை. வரவே வராத ஒரு சண்டைக்கு நானே முன்கூட்டித் தோற்றுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது, சித்தப்பாவுக்கு என்ன பதில், ஆபீசில் யார் யார் என்ன பேசுவார்கள், வாடகை வீடு யார் தருவார்கள் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஓட்ட ஓட்டக் களைப்பாக இருந்தது. பயம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. பயத்துக்காவது ஒரு காரணம் இருக்கும். எனக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான். ஒரு சர்பத் குடித்தேன். நாற்பது நிமிஷம் நின்றேன். பன்னிரண்டு மணிக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மத்தியானம் அம்மா பரிமாற வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் வாசல் அடைபடவில்லை. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை அது செல்லும். ஜூலை இரண்டாம் வாரம் வரைக்கும், எட்டு வாரம், எந்த நாளும் நான் போய் நின்றிருக்கலாம். அந்த எட்டு வாரமும் ஒழுங்காக ஆபீஸ் போய் வந்தேன். அம்மாவைச் சாகக் கிடந்தவளாக்கி நான் எழுதிய கடிதம் அதற்குள் நாசரேத் போய்ச் சேர்ந்திருந்தது. உயிரோடு, தெம்பாக, எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்த மனுஷி. அவள் மேல் அந்தப் பழியைப் போட்டதை அவள் சாகும்வரை அறியவில்லை.

நண்பன் அறிந்திருந்தான். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கும்போதே அறிந்திருந்தான். தீபாவளிக்குத் தீபாவளி பழம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவான். “உடம்பெல்லாம் நல்லா இருக்கா அம்மா?” என்று கேட்பான். எனக்கு என்ன வியாதி, கல்லு மாதிரி இருக்கேன் என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்று நான் பக்கத்திலேயே நின்றுகொள்வேன். ஒரு தடவை சொல்லியே விட்டாள். அவன் சிரித்துக்கொண்டு, “அப்படியே இருங்கம்மா” என்றான். ஒன்றும் தெரியாதவன் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவன் ஒரு தடவைகூட என்னைச் சபையில் நிறுத்தவில்லை, தனியாகவும் நிறுத்தவில்லை. என் கட்டுரையில் பென்சில் வைக்காமல் விட்டது ஒன்றுதான் அவன் எனக்குக் காட்டியது. அதையும் நான் சரியாகப் படிக்கவில்லை.

இத்தனையும் புரிந்த அந்த நிமிஷத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் கிழித்தேன். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. தையலோரம் விரலை அழுத்திப் பிடித்து, சத்தம் வராமல் மேலிருந்து கீழே மெதுவாகக் கிழித்தேன். நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தேன். அவள் உள்ளே வரும்போது நான் 1997ஐப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் நான் முக்கியமாக ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தேழு வயதில் ரோட்டைத் தாண்டாதது ஒரு குற்றம். ஐம்பத்தைந்து வயதில், அவன் கடைசியாகக் கேட்டுக்கொண்ட வேலையைச் செய்கிறேன் என்ற பெயரில் அவன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு அவன் எழுதியதைத் திருடியது அதைவிடப் பெரிது. முதலாவதற்கு நாற்பது நிமிஷம் யோசித்தேன். இரண்டாவதற்கு யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை அவள் கணக்கு நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கம் சரிபார்த்தாள். 1996ஐ எடுத்ததும் நடுவிலிருந்து ஒரு தாள் நழுவி மடியில் விழுந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்துத் தாள். கையில் எடுத்து ஓரத்தைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே தையலுக்கு இந்தப் பக்கம் வந்து, பின்னாலிருந்து தாள்களை எண்ணினாள். முன்பாதியில் அதற்கு நேரான இடத்துக்குப் போனாள். மே 14க்கு அடுத்து மே 17 இருந்தது. தையலோரம் கிழிசல் வெள்ளையாக, புதிதாக இருந்தது. பழைய கிழிசல் என்றால் பழுப்பேறியிருக்கும். அதுவும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கழன்ற தாளை அதன் இடத்திலேயே செருகினாள். பட்டியலை எடுத்து எழுதினாள்: ‘கணக்கு நோட்டு, 1996. ஒரு தாள் குறைவு.’ அந்த ‘ற’வின் கால் நீளமாகக் கீழே இறங்கியது. பிறகு, “அடுத்தது?” என்றாள். நான் “1997” என்று வாசித்தேன்.

ஐந்தாம் நாள் லாரி சர்வீஸ் ஆட்கள் வந்து பதினேழு அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், “வாரேன்” என்றாள்.

அதற்கப்புறம் ஐந்து மாதம். எரித்துவிடலாம் என்று ஒரு தடவை அடுப்படி வரைக்கும் போனேன். அவன் கையெழுத்தைத் தீயில் போட மனசு வரவில்லை. தீபாவளியன்று காலை, பழத்தோடு வருகிறவன் இந்த வருஷம் இல்லை என்று என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள். அம்மா போன பிறகும் அவன் அந்த வழக்கத்தை விடவில்லை, மதுரைக்கே வந்துகொண்டிருந்தான். நான் பர்ஸை எடுத்து அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தேன். முழுவதும் சொன்னேன். வெகுநேரம் கழித்து, “அத்தைக்கிட்ட நான் எத்தனை தடவை அதைப் பத்திக் கேக்கணும்னு நினைச்சிருக்கேன். பாவம், நோகுமேன்னு விட்டுட்டேன்” என்றாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் பண்ணி, நாசரேத்துக்காரிக்குப் போன் செய்தேன்.

“மே மாசத்துத் தாள்னு அன்னைக்கே தெரியும்” என்றாள். “அதுல என்ன இருந்துச்சுன்னுதான் தெரியல.”

வாசித்தேன். மாலை, ஆட்டோ, காபி. சர்பத் கடை வரியை வாசிக்கும்போது என் குரல் நின்றுபோனது. மறுமுனையில் சத்தமே இல்லை. கடைசி இரண்டு வரியையும் வாசித்து முடித்தேன்.

“அந்தக் கடைசியைத் திரும்ப வாசிங்க.”

“நாசரேத் பஸ் போக 2. வர 1.”

அப்போதுதான் அழுதாள். அன்றைக்கு அவளை நாசரேத் வரைக்கும் கொண்டுபோய், அவள் அப்பா முன்னால் நின்று என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி, ஜெபத்தைப் பற்றி, நீலச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவள் இடைமறித்தாள்.

“அந்தத் தாள நீயே லைப்ரரிக்கு அனுப்பிடு. லிஸ்ட்ட நான் திருத்திக் கொடுத்திருதேன்.” போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு அட்டைக்கு நடுவில் அந்தத் தாளை வைத்தேன். மடிப்பைத் தேய்த்து நிமிர்த்திப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்தது விழுந்ததுதான். தபால் ஆபீஸ் கவுன்டரில் நின்றுகொண்டே நூலகத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வைத்தேன். 1996 நோட்டில் குறையும் தாள் இது, மே 15, 16. மடிப்பு என்னால் விழுந்தது. கிழித்ததும் நான்தான்.